எம்.ஜி.பி. கார்: வீட்டில் புதுப்பித்தலும் பராமரிப்பும்

எம்.ஜி.பி. (1962–1980) இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். மடக்குக் கூரையும் இரண்டு இருக்கையும் கொண்ட ரோட்ஸ்டர் வகை முதலில் வந்தது. இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் கைவண்ணம் கலந்த ஜி.டி. வகை, எஃகுக் கூரையுடனும் மேலே தூக்கித் திறக்கும் பின்கதவுடனும் 1965இல் சேர்ந்துகொண்டது. தலைமைப் பொறியாளர் சிட் எனவர். உடலை வரைந்தவர் டான் ஹேட்டர். பதினெட்டு ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1980 அக்டோபரில் தொழிற்சாலை மூடப்பட்டபோது உற்பத்தியும் நின்றது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் புதுப்பிக்கும் வழக்கம் பிரிட்டனில் இந்த வண்டியைச் சுற்றியே பெரிதும் வளர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. வண்டியில் கணினி கிடையாது. உடற்கூட்டைத் தவிர ஏறக்குறைய எல்லாமே நட்டாலும் போல்ட்டாலும் இணைக்கப்பட்டவை. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய அச்சுகளையும் கருவிகளையும் கொண்டே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் முழு உடற்கூட்டையே புதிதாக அடித்து விற்று வருகிறது. உற்பத்தி நின்ற ஒரு காருக்கு முழுக் கூடும் புதிதாகக் கிடைப்பது அபூர்வம்.

வண்டியின் எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. கொள்ளளவு 1798 கன சென்டிமீட்டர். நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடர் எஞ்சினில் டேப்பெட் சரிசெய்து பழகிய கை எம்.ஜி.பி.யின் எஞ்சினைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. ஸ்பேனர்கள் மட்டும் அங்குல அளவில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் போல்ட்டின் முனைகள் வழுக்கி உருண்டுவிடும்.

உடற்கூடு

எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ. காரில் தனிச் சேஸி இருந்தது. உடல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. எம்.ஜி.பி.க்குச் சேஸி இல்லை. தகடுகளை மடித்து ஒன்றோடொன்று வெல்டு செய்த கூடே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. ரோட்ஸ்டருக்கு எஃகுக் கூரையும் இல்லாததால், வண்டி நடுவில் தொய்யாமல் நிமிர்ந்து நிற்பதற்குப் பெரிதும் துணைநிற்பவை கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரண்டு பெட்டிச்சட்டங்கள். துரு முதலில் தின்பதும் அவற்றைத்தான். சக்கரம் வாரியிறைக்கும் சேறு முன் மட்கார்டின் பின்பகுதியில் தங்கி, ஈரம் காயாமல் உள்ளே இறங்குகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அந்த ஈரத்தோடு சேரும்போது தகடு சில ஆண்டுகளிலேயே சல்லடையாகிவிடும்.

இந்தச் சட்டம் ஒற்றைத் தகடு அல்ல. கண்ணில் படும் வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, அடியில் கோட்டை மதில்போல மடிப்புள்ள தகடு ஆகிய மூன்றும் கூடியே வலிமை தருகின்றன. வெளித்தகட்டின் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்கு உள்ளே மறைந்திருக்கின்றன. ஆகவே ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். அது போல்ட் போட்டது என்பதால் சிரமமில்லை. பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த உழைப்புக்குச் சோம்பியவர்கள் துருப்பிடித்த சட்டத்தின் மேலேயே புதுத்தகட்டைப் போர்த்தி, ஓரத்தில் வெல்டு வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறார்கள். வெளியே பளபளக்கும் அந்த வண்டி உள்ளே தொடர்ந்து இற்றுக்கொண்டிருக்கும். இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல இடமில்லை. விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய பகுதியை மறைத்து விற்பது ஏமாற்று வேலை.

சட்டத்தை வெட்டும் முறைதான் முழுப் புதுப்பித்தலிலும் மிகக் கவனம் கோருவது. எஞ்சினையும் இருக்கைகளையும் இறக்கிய வண்டியைச் சமதளத்தில், நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பிறகு கதவின் கீல் இருக்கும் தூணுக்கும் பூட்டு விழும் தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்து, திறப்பின் அளவு மாறாமல் பிணைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கூடு நடுவில் தொய்யும். அப்புறம் கதவு எந்நாளும் சரியாக மூடாது. புதுத்தகட்டை முழுதாக வெல்டு செய்யுமுன் புள்ளி புள்ளியாகப் பிடித்து நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று சோதிப்பது அனுபவசாலிகளின் வழக்கம். மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங் ஏற்றது. நீளமாக இழுக்காமல் விட்டுவிட்டு வைத்தால் தகடு சூட்டில் நெளியாது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோகாமல் வண்டியின் பின்பகுதியில் வெல்டிங் தொடங்கக் கூடாது. டேங்க் காலியாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. காலி டேங்கில் நிற்கும் ஆவியே வெடிக்கும்.

தரைத்தகடு, பின் பட்டா (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடம், இருக்கைக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டி ஆகியவையும் துருவின் இருப்பிடங்கள். பட்டா மாட்டும் இடம் இற்றிருந்தால் பின் ஆக்சிலே நகரும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது.

கழற்றும் ஒழுங்கு

வீட்டில் தொடங்கிய வண்டிகள் பாதியில் நின்றுபோவதற்கு அடிக்கடி காணும் காரணம் திறமைக் குறைவன்று, ஒழுங்குக் குறைவு. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கழற்றிக் குவித்துவிட்டு, ஓராண்டு கழித்து எந்த நட்டு எங்கே இருந்தது என்று தேடுபவர் சலித்துப்போய் வண்டியைப் பெட்டி பெட்டியாக விற்கிறார். கழற்றுமுன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுப்பதும், ஒவ்வொரு பகுதியின் திருகுகளையும் தனிப்பையில் போட்டுப் பெயர் எழுதுவதும், தேய்ந்த பழைய பாகத்தைக்கூடப் புதியது சரியாகப் பொருந்தும்வரை எறியாமல் வைப்பதும் அவசியம். புதிதாக வார்த்த உதிரிபாகம் எல்லாமே பழையதைப் போல் பொருந்திவிடுவதில்லை.

அந்தக் காலத்து பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. படிந்த தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

எஞ்சினும் கார்புரேட்டரும்

‘பி’ வரிசை எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. எடை மிகுந்தது, உழைப்பும் மிகுந்தது. தொடக்கத்தில் கிராங்க் தண்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964 முதல் ஐந்து. எஞ்சின் சூடான பின் ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 முதல் 80 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) வரை காட்டினால் உள்ளே பெரிய தேய்மானம் இல்லை என்று கொள்ளலாம். கிளட்ச் மாற்ற வேண்டுமானால் எஞ்சினை வெளியே தூக்கியே ஆக வேண்டும். கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை. எனவே எதற்காக எஞ்சினை இறக்கினாலும் கிளட்ச் தட்டு, அதன் தள்ளு பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

டியூனிங்கில் வரிசை முக்கியம். முதலில் டேப்பெட் இடைவெளி, 0.015 அங்குலம், பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட், 0.015 அங்குலத்தை ஒட்டி. பிறகு பிளக், 0.025 அங்குலம், அதன்பின் இக்னிஷன் டைமிங். கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, வேறிடத்துக் கோளாறுக்குக் கார்புரேட்டரைத் திருகித் திருகிக் கெடுத்துவிடுகிறார்கள்.

இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் மிக அழகான எளிய கருவி. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப உள்ளேயுள்ள பிஸ்டன் எழுகிறது. அதன் அடியில் நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் ஊசி, பெட்ரோல் துளையிலிருந்து மேலெழும்பித் தேவையான அளவு எரிபொருளை விடுகிறது. கலவை சரியா என்று அறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம். பிஸ்டனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயர்த்திப் பார்த்தால் போதும். எஞ்சின் வேகம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி இறங்கினால் குறைவு. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி முதலில் சமப்படுத்திய பிறகே இந்தச் சோதனை பொருள்படும். பிஸ்டனின் மேலுள்ள குழலில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வண்டி ஒரு கணம் திக்கும்.

எரிபொருள் மாறிவிட்டது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்த ஈயம் போனதால், சிலிண்டர் ஹெட்டைப் பிரிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமாக்கிய இருக்கை வளையம் போடுவது வழக்கமாயிற்று. 2021இல் 10 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே சாதாரண எரிபொருளானது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும், ஈரத்தையும் உறிஞ்சும். பழைய குழாய் ஒன்றைக்கூட விடாமல் எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றுவது தீ விபத்தைத் தடுக்கும் வேலை. செலவு பார்க்கும் இடமல்ல.

மின்சாரம்

பழைய பிரிட்டிஷ் கார்களின் ஒயரிங் மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை எர்த் இணைப்பில் ஏறிய துருவிலிருந்து வருபவை. இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் மங்கிய விளக்குகள் பிரகாசிக்கும். 1967க்கு முந்திய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு சேர்ந்திருக்கும். இதை அறியாமல் புதிய ரேடியோவை மாட்டினால் அது எரிந்துபோகும். முகப்பு விளக்குக்குத் தொழிற்சாலையில் ஃபியூஸ் வைக்கவில்லை. ஒரு ஃபியூஸ் சேர்ப்பது அசல் தன்மையைக் குலைக்காது, வண்டியைக் காக்கும்.

பெயின்ட்

வீட்டில் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது இருகலவைப் பெயின்டை ஸ்பிரே செய்வது. அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும். வெளியிலிருந்து தூய காற்றை ஊட்டும் முகமூடி இல்லாமல் நெருங்கவே கூடாது. தேய்ப்பதும் ப்ரைமருக்குத் தயார்செய்வதும் வீட்டில் நடக்கட்டும். இறுதிப் பூச்சைப் பெயின்ட் பூத் உள்ள பட்டறைக்கு விட்டுவிடலாம். பெயின்ட் காய்ந்ததும் கதவடிச் சட்டங்களின் உட்குழிவுக்குள் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்ச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த மெழுகே புதுத்தகட்டின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

பெயின்டைப் போலவே தோற்றத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு பகுதி பம்பர். அமெரிக்க விதிமுறைக்காக 1974இன் பிற்பகுதியிலிருந்து வண்டிகளுக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரமும் ஒன்றரை அங்குலம் கூடியது. பலர் அதைக் கழற்றிவிட்டுக் குரோம் பம்பர் மாட்டுகிறார்கள். ரப்பர் பம்பரும் அந்த வண்டியின் வரலாற்றுச் சாட்சியே. அழகுக்காக அழித்துவிடாமல் விட்டுவைப்பதே முறை.

பராமரிப்பு

நிறுத்தியே வைத்த கார் ஓடும் காரைவிட விரைவில் கெடும். ஆனால் கொட்டகையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பயனற்றது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் குளிர்ந்து தங்கி உள்ளிருந்தே அரிக்கும். மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டி, ஆயில் நன்கு சூடேற விட வேண்டும். முன்சக்கரங்களின் கிங்பின்னுக்கு ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்காதபடி தூக்கிவைத்துக் கிரீஸ் அடிக்க வேண்டும். பாரத்தோடு அடித்தால் கிரீஸ் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. கம்பிச் சக்கரம் கொண்ட வண்டிகளில் குடத்தின் பல் வரிசைகளுக்கும் கிரீஸ் தேவை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரைப் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து மதிப்பிடக் கூடாது, வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மூடும் துணி காற்றுப் போகும் வகையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் போர்வை ஈரத்தைச் சிறைவைக்கும்.

வாங்க நினைப்பவருக்கு

எஞ்சின் புதுசு, பெயின்ட் புதுசு என்று விற்பவர் சொல்லும்போது கதவடிச் சட்டத்தை எப்போது, எப்படி மாற்றினார்கள் என்று கேளுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி மட்கார்டின் கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. கதவைத் திறந்து வைத்தபடி வண்டியின் ஒரு மூலையை ஜாக்கியால் தூக்கிய பிறகு கதவு தடையின்றி மூடுகிறதா என்று சோதியுங்கள். கலிஃபோர்னியா போன்ற வறண்ட பகுதியிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிவந்த வண்டிகளில் இருக்கையும் டேஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். கூடு பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். ஓடாத எஞ்சினோடு கெட்டியான கூடும், நன்றாக ஓடும் எஞ்சினோடு இற்ற கூடும் ஒரே விலைக்கு வந்தால், ஓடாத வண்டியையே வாங்குங்கள்.