மதுரைக் குன்றுகளும் பசுமை நடையும்

மதுரையைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட குன்றுகளில் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளங்கள் உள்ளன. மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய காடி, தலைமாடு சற்றே உயர்ந்த வழவழப்பான கற்படுக்கை, செய்து கொடுத்தவரின் பெயர் சொல்லும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து எனப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். கீழவளவில் மட்டும் எழுத்துகள் வலமிருந்து இடமாக, தலைகீழாக ஓடுகின்றன. தொண்டியைச் சேர்ந்த இலவோன் என்ற அடியவர் கொடுத்த பள்ளி என்பது அதன் செய்தி.

இக்குன்றுகளுள் ஒன்றான மாங்குளத்தின் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். இத்தகைய எழுத்துகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னனின் பெயர் மாங்குளத்தில் இருப்பதை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். இவையெல்லாம் ஆய்வாளர் வட்டத்துக்குள்ளேயே நின்றன. அடிவாரத்து ஊர்களுக்கு அந்தக் கற்படுக்கைகள் பஞ்சபாண்டவர் படுக்கை. கீழக்குயில்குடியில் நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் செட்டியாரானார். குகை செட்டிப்புடவு ஆயிற்று. சிலை இத்தனை காலம் பிழைத்ததில் அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு எனலாம்.

மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டு பெருகியபின் அந்தக் காப்பு போதவில்லை. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்றும் எழுந்தது. 770இல் பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கர் கோயில் உள்ள மலை அது. சுற்றுவட்டார மக்கள் எதிர்க்கவே திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சூட்டில், 2010இல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைப்பில் பசுமை நடை தொடங்கியது.

மாதம் ஒரு ஞாயிறு காலை, ஒரு குன்று. கைக்குழந்தையோடும் ஏறுவார்கள். ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர் சொ. சாந்தலிங்கம் பாறை முன் நின்று கல்வெட்டைப் படித்துப் பொருள் சொல்வார். இறங்கியதும் ஆலமர நிழலிலோ கோயில் வாசலிலோ காலைச் சாப்பாடு. ‘மதுர வரலாறு’ என்ற நூலையும் தன்னார்வலர்கள் கொண்டுவந்தனர்.

குன்றுகளுக்கான ஆபத்து அதோடு முடியவில்லை. மேலூர் அருகே ஏழு குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டும், பாண்டியர் குடைவரையும், வட்டெழுத்தோடு கூடிய தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. 2022 நவம்பரில் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. ஆனாலும் 2024இல் அதை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. மேலூர் வட்டார ஊர்கள் மதுரை வரை ஊர்வலமாக வந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.