ஆவாரம்பட்டையும் கிணற்று நீரும்: திண்டுக்கல் தோல் தொழில் தரும் படிப்பினை

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வரும். ஆயினும் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக முதலிட்டும் உழைத்தும் வளர்த்த தோல் பதனிடும் தொழிலின் வரலாற்றையே, வணிகம் செய்யும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியுள்ளது. சரக்கு வரும் வழியும் போகும் வழியும் எங்கெங்கே அறுந்தன, அறுந்தபோது என்ன செய்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்திப் பதனிடுவது பழைய முறை. அதற்கு வேண்டிய ஆவாரம்பட்டை நம் வறண்ட சமவெளியிலேயே கிடைத்தது. கடுக்காயும் உள்நாட்டுச் சரக்குதான். பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை, தமிழகத் தோல் ஷாப்புகளில் ஆவாரையின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. அங்கு வாழ்ந்த இந்தியர் மீதான இன ஒதுக்கலை எதிர்த்து 1946ஆம் ஆண்டு இந்தியா அந்நாட்டுடன் வணிக உறவைத் துண்டித்தது. முடிவு நீதியானது, ஆனால் பட்டைக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கிழக்கு ஆப்பிரிக்கப் பட்டை ஒரு வழி. மற்றொன்று, நீலகிரியிலும் கொடைக்கானலைச் சூழ்ந்த பழனி மலையிலும் வனத்துறை வளர்த்த வாட்டில் காடுகள். அக்காடுகள், மழைநீரைத் தாங்கி வைத்த மலைப் புல்வெளிகளை விழுங்கின என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்பனைச் சந்தையும் இவ்வாறே மாறியது. முதல் உலகப் போரில், படைவீரர் காலணிகளுக்காகச் சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோல் வணிகத்தை 1916இல் அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. போர் முடிந்ததும் அத்தேவை மறைந்தது. 1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு, அரைப்பதனிட்ட தோலுக்கும் அளவு விதிக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலும் தோற்பொருளும் செய்வதை நோக்கித் தொழில் திரும்ப வேண்டியிருந்தது.

பட்டைக்கு மாற்று கிடைத்தது, சந்தைக்கும் கிடைத்தது. நீருக்கோ மாற்று இல்லை. விலையின்றிக் கிடைத்ததால் அதை எவரும் கணக்கேட்டில் எழுதவில்லை. கழிவுநீர் நிலத்தில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை உப்பாக்கியது. பாலாற்று மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தியது. ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30ஆம் நாளுக்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லையேல் மூடுதல். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தொழிலாளியின் நிலையும் நீரின் நிலை போன்றதே. சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தவர்களின் கடனையும் போராட்டத்தையும் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் பதிவு செய்தது. அது 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

நபி யூசுப் (அலை) அவர்கள் வளமான ஏழு ஆண்டுகளிலேயே பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளுக்குத் தானியம் சேர்க்கச் செய்தார்கள். தவக்குல் என்பது முன்னேற்பாட்டைக் கைவிடுவதன்று என்பதற்கு அதுவே சான்று. மளிகைக் கடையோ நூற்பாலையோ, எதை நடத்தினாலும் நாம் மூன்று கேள்விகளை எழுதி வைத்து ஆண்டுதோறும் விடை காணலாம்: நம் முக்கியச் சரக்கு ஒரே இடத்திலிருந்து வருகிறதா? நம் விற்பனை ஒரே கொள்முதலாளரை நம்பியிருக்கிறதா? விலை கொடுக்காமல் யாரிடமிருந்து, எதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்? முதல் இரண்டையும் நம் முன்னோர் காலம் கடந்தேனும் கேட்டார்கள். மூன்றாவதை நீதிமன்றம் கேட்கும்வரை காத்திராமல் நாமே கேட்பது அமானிதம் பேணுவதன் ஒரு பகுதி. அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக.