கிளியும் கீழ்வாய் எண்ணும்: 1823 பெல்லாரி அறிக்கையின் ஒரு பத்தி

திண்ணைப் பள்ளிக் கணக்கு வெறும் மனப்பாடம், படிப்படியாக ஏறும் ஒழுங்கு அதில் இல்லை என்ற கருத்து கல்வி வரலாற்று எழுத்தில் வேரூன்றிவிட்டது. அதற்குச் சான்றாக அடிக்கடி நிறுத்தப்படுவது பெல்லாரி கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ பள்ளிகளைப் பற்றி 1822இல் நடத்திய விசாரணைக்கு வந்த பதில்களுள் பாடம் நடந்த முறையை விரிவாகச் சொல்வது அது. அந்தச் சாட்சி உண்மையில் எதிர்க்கட்சிக்குத்தான் உதவுகிறது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளியைப் போல ஒப்பிக்கிறார்கள் என்று காம்ப்பெல் குறைபட்டது உண்மை. ஆனால் அவர் குறைபட்டது, பேச்சு வழக்கிலிருந்து விலகிய நடையில் அமைந்த செய்யுள்களைப் பற்றி. கணக்கைப் பற்றிய பத்தி தனியானது. அதில் கிளி இல்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்தது பிற்கால வாசிப்பு.

கணக்குப் பத்தியின் வரிசை இது. எண் குறிகளைக் கற்ற பையன் கூட்டல் வாய்ப்பாட்டை நெட்டுருப் போடுகிறான். நூறு வரை எண்ணுகிறான். அடுத்து, காசில் எளிய கூட்டலும் கழித்தலும் எழுதிப் போடுகிறான். பிறகு பெருக்கலும், காசையும் அளவைகளையும் ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும். இதன் பின்னரே பின்னம், அதாவது கீழ்வாய் எண், பேசப்படுகிறது. அதைக் கற்பிக்க மிகுந்த சிரத்தை எடுக்கிறார்கள் என்கிறார். ஒன்றை நான்கு நான்காகப் பகுத்துக்கொண்டே வெகுதூரம் இறங்குவதையும் குறிப்பிடுகிறார். பிள்ளைகள் தினமும் இருமுறை வரிசையாக நின்று, சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் காட்சி கடைசியில்தான் வருகிறது. அதன் நோக்கத்தையும் அவரே சொல்லிவிடுகிறார்: பின்னங்களும் வாய்ப்பாடுகளும் அவர்களுக்குப் பழகிப்போக வேண்டும். ஆக, ஓதுதல் கற்றதை உறுதிப்படுத்தும் வேலை. அதையே கற்பித்தல் முழுவதுமாக எடுத்துக்கொண்டால், இடையில் எழுதிப் போட்ட காசுக்கணக்கு எங்கே போயிற்று?

காம்ப்பெல் வெளியாள், பள்ளியில் உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்கலாம். கேட்பவர்கள் கிளியையும் சேர்த்தே கைவிட வேண்டியிருக்கும்.

இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் சொல்ல முடியும். பிள்ளைகள் திறனுக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும், ஓதும் நேரத்தில் சின்னவன் பெரியவன் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றிருந்தால், நேற்றுச் சேர்ந்தவன் காதிலும் பின்ன வாய்ப்பாடு விழுந்திருக்கும். ஒரே வரிசை என்று பத்தி வெளிப்படையாகச் சொல்லவில்லை. அப்படி நடந்திருந்தால், எழுத்தில் ஒரு வரிசையும் காதில் இன்னொரு வரிசையுமாக ஏற்றம் இரண்டு தடத்தில் ஓடியிருக்கும். ஒரு வகுப்பு முடிந்தால்தான் அடுத்ததன் வாசல் திறக்கும் இன்றைய பாடத்திட்டத்தை அளவுகோலாக வைப்பவர் கண்ணுக்கு இது ஒழுங்கின்மையாகவே படும்.

அலகு மாற்றத்தைப் பெருக்கலோடு ஒரே மூச்சில் காம்ப்பெல் சொல்வதையும் கவனிக்க வேண்டும். பெல்லாரிப் பள்ளிகளில் ஓதியது பெரும்பாலும் கன்னடமும் தெலுங்கும். அங்குள்ள அளவைகளை இங்கே ஏற்ற மாட்டேன். ஆனால் இந்தப் படியில் கேட்கப்படும் திறன் என்ன என்பதை நெல் அளவைகளைச் சொல்லும் நம் நெல்லிலக்கத்தில் காணலாம். 7 நாழி 1 உரியோடு 3 உழக்கைக் கூட்டச் சொன்னால், பையன் 2 உழக்கை 1 உரியாக்குவான். 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. விடை 1 குறுணி 1 உழக்கு. இடத்துக்கு இடம் இரண்டு, இரண்டு, எட்டு என்று மாறும் அடிமானத்தில் மேலே ஏற்றிக்கொண்டு போவதை ஒப்பித்தல் மட்டும் செய்துவிடாது. எப்போதும் பத்தில் ஏற்றிப் பழகிய இன்றைய பிள்ளை, மணி–நிமிடக் கூட்டலில் 60க்கு வந்ததும் தடுமாறுவதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

பின்னத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. நான்கு நான்காக இறங்கினால் கால், வீசம், அதன் கீழ் 1/64. தமிழ் முந்திரியோ 1/320. அதில் ஐந்தும் கலந்திருக்கிறது. 4 காணி ஒரு மா (1/20). இன்னொரு காணி சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. ஐந்தின் ஏணியும் இரண்டின் ஏணியும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. தமிழ் எண்சுவடியின் பொன்னிலக்கமோ முந்திரியிலிருந்தே தொடங்குகிறது; காம்ப்பெல் வரிசையில் பின்னம் பிந்தி வருகிறது. எனவே பெல்லாரிப் பத்தியைத் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ அப்படியே நீட்ட முடியாது. அங்கு முழு எண்ணுக்கு முன்னரே பின்னம் வந்ததா, இல்லை சுவடியின் வரிசை வேறு, கற்பித்த வரிசை வேறா என்பதைச் சுவடிகளைக் கொண்டுதான் தீர்க்க வேண்டும்.