ஸ்காத்லாந்துக் கஞ்சி
இங்கிலாந்தில் குதிரைக்கு இடும் ஓட்ஸ், ஸ்காத்லாந்தில் மக்களைப் பிழைப்பிக்கிறது என்னும் கருத்தைச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியில் எழுதிவைத்தார். கேலிதான், ஆயினும் பொய்யன்று. குளிரும் மழையும் மிக்க அம்மலைநாட்டில் கோதுமை செழித்தல் அரிது, ஓட்ஸ் விளையும். அதன் நொய்யை நீரிலிட்டு, 'ஸ்பர்ட்டில்' என்னும் மரக்கோலால் கட்டிபடாமல் துழாவி, உப்பிட்டு உண்டே ஏழைக் குடியானவர் பாடுபட்டனர். சர்க்கரை சேர்ப்பதைப் பழமை விரும்புவோர் இன்றும் பொறுப்பதில்லை.

இன்வர்னஸ் நகரில் நான் தங்கிய விருந்தினர் இல்லத்து முதியவரும் அத்தகையவரே. சர்க்கரைக் கிண்ணத்தை அவர் மறைத்தே வைத்திருந்தார்! ஜான்சனைப் பற்றிக் கேட்டேன். ஆவி பறக்கும் கஞ்சியை என்முன் வைத்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னார்: "1773-இல் அவர் இவ்வூருக்கு வந்தார், ஐயா. இங்கிருந்து குதிரையேறித்தான் மலைநாட்டுக்குள் புறப்பட்டார். எங்கள் உணவைத் தின்றது குதிரை. அதன் முதுகில் சுமையாகப் போனவர் அவர்."