இரைப்பை அழற்சிக்கு ஓர் எண்: நம் துறை கடந்து வந்த பாதை

நோய்க்கு எண் கொடுக்கும் நம் பணிக்கு முன்னோடி இங்கிலாந்தின் வில்லியம் ஃபார். எல்லா நாடுகளுக்கும் பொதுவான இறப்புக் காரணப் பட்டியலைத் தயாரிக்கும்படி, 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய புள்ளியியல் மாநாடு அவரையும் ஜெனீவாவின் மார்க் டெஸ்பினையும் கேட்டுக்கொண்டது. 1893இல் பாரிஸின் ஜாக் பெர்ட்டியோன் அளித்த பட்டியலே இன்றைய சர்வதேச நோய் வகைப்பாட்டுக்கு (ஐசிடி) வித்து. 1948இல் அதன் ஆறாம் திருத்தத்தோடு உலகச் சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றது. இறந்தவர்களுக்காக எழுந்த பட்டியல், அன்றுமுதல் நோயாளிகளுக்கும் உரியதாயிற்று.

ஒன்பதாம் திருத்தத்தில் இரைப்பை அழற்சியின் எண் 535. மதுவால் வந்ததென்றால் அதற்குத் தனி உட்பிரிவு உண்டு; கிருமிக்கு இல்லை. அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி தங்காது என்பதே அன்றைய பாடம். அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த அதே 1979இல்தான், ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சி கண்ட திசுவில் வளைந்த கிருமிகளைக் கண்டார்.

நம்பியவர் சிலரே. 1981இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். 100 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களின் திசுவிலிருந்து கிருமியை ஆய்வகத் தட்டுகளில் வளர்க்க முயன்றார்கள். இரண்டு நாளில் வளர்ச்சி தெரியாத தட்டுகளை அப்புறப்படுத்துவது ஆய்வக வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் அப்புறப்படுத்தப்படாமல் கிடந்த தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. கிருமியே அழற்சிக்குக் காரணம் என்று நிரூபிக்க, 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி. பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் அழற்சி உறுதியாயிற்று. நாம் நொடியில் தட்டிவிடும் எண்ணுக்காக ஒருவர் தம் உடம்பையே பணயம் வைத்தார் என்பதை இம்மலரில் பதிவுசெய்வது நம் கடமை.

1989இல் கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பத்தாம் திருத்தத்துக்கு அமெரிக்கா மாறுவது 2013இலிருந்து இருமுறை தள்ளிப்போய், 2015 அக்டோபர் 1இல் நிறைவேறியது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காகக் கோடிங் செய்யும் நம்மவர்கள், பழகிய எண்களை விட்டுப் புதியவற்றை மனத்தில் ஏற்றிக்கொண்ட காலம் அது. முதலில் அழற்சிக்கு கே29, அடுத்து கிருமிக்கு பி96.81 என்று இரண்டு எண்களைச் சேர்த்து எழுதக் கற்றோம்.

இரைப்பை அழற்சியைக் காரணத்தைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும் என்று 2014இல் கியோட்டோவில் கூடிய வல்லுநர்கள் வலியுறுத்தினர். 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில் கிருமியும் அழற்சியும் ஒரே எண்ணில் சேர்ந்தன: டிஏ42.1.