சர்க்கரை திறந்த கதவு

1831-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் துறைமுகத்தில் காலையில் நன்றாக நடமாடியவர்கள் இரவுக்குள் கண் குழி விழுந்து, தோல் சுருங்கி, உடம்பெல்லாம் நீலம் பாரித்துச் செத்தார்கள். வங்காளத்திலிருந்து கிளம்பிய காலரா முதல்முறையாகப் பிரிட்டனில் கால் வைத்திருந்தது. வைத்தியர்கள் வழக்கம்போல் ரத்தநாளத்தைக் கீறி ரத்தத்தை வடித்தார்கள், அதுவும் ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து! வில்லியம் ஓஷாக்னசி என்ற 22 வயது ஐரிஷ் மருத்துவர் அந்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் போய்க் கெட்டிப்பட்டுக் கிடந்தது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று லான்செட் இதழுக்கு எழுதிப் போட்டார்.

எடின்பரோவை ஒட்டிய லீத் நகரில் தாமஸ் லாட்டா அதைச் செய்தே பார்த்தார். 1832 மே மாதம், நாடி அகப்படாமல் கிடந்த ஒரு மூதாட்டியின் கை நரம்பில் குழாயைச் செருகி, உப்பும் சோடாவும் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மூன்று லிட்டரைத் தாண்டியபோது குழி விழுந்த கண்கள் மேலெழுந்தன, சில்லிட்ட கை சூடேறியது, மூதாட்டி பேசினார். களைத்துப்போன லாட்டா, இனி பயமில்லை என்று மருத்துவமனையில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் திரும்ப வந்தன. மறுபடி உப்புநீர் ஏற்ற அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். மறு ஆண்டே லாட்டாவும் போய்ச் சேர, வைத்திய உலகம் அந்த வழியை ஏறக்குறைய மறந்தே போனது.

இருபதாம் நூற்றாண்டில் அது டிரிப்ஸ் பாட்டிலாகத் திரும்பி வந்தது. பெரிய மருத்துவமனைகளில் சாவு குறைந்தது. ஆனால் காலரா பெரிய மருத்துவமனையாகப் பார்த்து வருவதில்லையே! ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல் இழக்கும் நோயாளிக்குப் பாட்டில் பாட்டிலாக உப்புநீரும், ஊசியும், நரம்பு தேடிக் குத்தத் தெரிந்த ஆளும் கிராமத்தில் எங்கே கிடைக்கும்? வாய்வழியாகக் கொடுத்தாலோ, குடித்தது குடித்தபடி வெளியேறியது. குடலின் உள்தோல் உரிந்துபோவதால் அது எதையும் உறிஞ்சாது என்பதே அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. கல்கத்தாவில் ஒருவர் மட்டும் அதைச் சட்டை செய்யவில்லை.

அவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி. வாந்தியை மருந்தால் அடக்கி, பேதிக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுத்து, லிட்டருக்கு 4 கிராம் உப்பும் 25 கிராம் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கவைத்து 186 பேரைக் கரையேற்றியதாக 1953-இல் லான்செட்டிலேயே எழுதினார். எவ்வளவு குடித்தார்கள், எவ்வளவு வெளியே போனது என்ற கணக்கு அதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. படித்தவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். (இலைச்சாறு என்றதுமே பாதிப் பேர் புரட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.) விடை அச்சில் கிடந்தது, அது ஏன் விடை என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அதை விளக்கியவருக்குக் காலராவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய விஞ்ஞானிகள் முன் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், குடல் செல்லுக்குள் சர்க்கரை எப்படி நுழைகிறது என்று பேசினார். செல்லின் சவ்வில் ஒரு கதவு இருக்கிறது, சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும் என்பது அவர் கணிப்பு. அந்த ஜோடிக்குப் பின்னால் வரும் மூன்றாமவரைப் பற்றி மருத்துவர்கள் மெல்லத்தான் யோசித்தார்கள்.

அந்த மூன்றாமவர் தண்ணீர். தண்ணீரை நேரடியாக இறைத்துத் தள்ளும் பம்ப் எதுவும் உடம்பில் கிடையாது. சவ்வின் எந்தப் பக்கம் உப்பும் சர்க்கரையும் அடர்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் தானாகப் போகும். உலர்திராட்சையை ஊறப்போட்டுப் பள்ளிக்கூடத்தில் காட்டுகிறார்களே, அதே சவ்வூடுபரவல். காலரா நச்சு செய்வதும் இந்த விதியை வைத்துத்தான். குடல் செல்களைக் குளோரைடைக் கொட்டவைக்கிறது. அதன் பின்னால் சோடியம் போகிறது, இரண்டின் பின்னாலும் உடம்பின் தண்ணீர் போகிறது. குடல்தோல் உரிவதாகச் சொன்னதும் பொய். யூஜின் கங்கரோசா குழுவினர் பாங்காக்கில் நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோது தோல் முழுசாக இருந்தது. கிரேன் சொன்ன கதவையும் நச்சு தொடுவதில்லை. அப்படியானால் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து அனுப்பினால் போதும், தண்ணீர் பின்னாலேயே உள்ளே வந்துவிடும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மணிலாவில் அது சறுக்கியது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ், குளுக்கோஸ் சேர்த்தால் காலரா நோயாளியின் குடல் உப்பை உறிஞ்சுவதை 1960-களின் தொடக்கத்தில் கண்கூடாகப் பார்த்தார். ஆனால் அடுத்துப் பலருக்குக் கொடுத்த கரைசல் அடர்த்தி மிகுந்துபோனது. குடலுக்குள் இருப்பது ரத்தத்தைவிட அடர்த்தியானால், அதே விதிப்படி தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்கு ஓடும். நோயாளிகள் சிலர் இறந்தார்கள். மனம் ஒடிந்த பிலிப்ஸ்தான் பிறகு டாக்கா காலரா ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். வாய்வழிக் கரைசல் என்றாலே அவருக்குத் தயக்கம்.

அந்தத் தயக்கத்தை அங்கிருந்த மருத்துவர் நார்பர்ட் ஹிர்ஷ்ஹார்ன் முதலில் அசைத்தார். பிறகு டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் இறங்கினார்கள். டாக்காவின் காலரா கட்டிலுக்கு நடுவில் ஓட்டை, அடியில் அளவு குறித்த வாளி. வாளியில் எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவையும் கரைசலாகக் குடிக்கவைக்க வேண்டும் என்பதே அவர்கள் பிடித்த சூட்சுமம். டிரிப்ஸ் தேவை 80 சதவீதம் குறைந்ததென்று 1968-இல் அறிவித்தார்கள். அதுவும் ஆய்வகத்தில், டாக்டர்கள் கண் முன்னால். வெளியே, வாளியைப் பார்க்க ஆளில்லாத இடத்தில் இது நடக்குமா என்ற கேள்விக்கு ஒரு போர் பதில் சொன்னது.

1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி மேற்கு வங்கத்தின் பன்காவுக்கு வந்தார்கள், கூடவே காலராவும் வந்தது. கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மகாலனோபிஸ் அங்கே கண்டது இரண்டு அறை, 16 கட்டில், தரையெங்கும் நோயாளிகள். வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. டிரிப்ஸ் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன.

வேறு வழியில்லை என்பது சில சமயம் நல்ல வழியாகிவிடுகிறது. 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என லிட்டருக்கான விகிதத்தில் கல்கத்தாவில் நிறுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். பன்காவில் குழாய் வைத்த டிரம்களில் அது கரைந்தது. பெற்றவர்களும் உறவுக்காரர்களும் குவளையில் பிடித்துக்கொண்டுபோய் நோயாளிக்குப் புகட்டினார்கள். சலைன் என்றால் ஊசிதான் என்று நினைத்த சனங்களிடம் ‘ஓரல் சலைன்’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். முகாம்களில் 30 சதவீதம் வரை போன சாவு, இவர்கள் கவனித்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. கட்டுரையாக அச்சேற 1973 ஆயிற்று. நம்பாதவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

நம்பியவர்களில் உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா முக்கியமானவர். அவர் பன்காவுக்கே போய்ப் பார்த்தவர். 1978-இல் அந்நிறுவனம் இதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. பாக்கெட் வாங்க முடியாத வங்கதேசக் கிராமங்களில், மூன்று விரல் உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் தண்ணீரில் கரைக்க பிராக் (BRAC) தொண்டு அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். மகாலனோபிஸுக்குப் பத்ம விபூஷண் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அவர் முந்தைய அக்டோபரிலேயே காலமாகிவிட்டார்.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய அந்தப் பைதான் மருந்துக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். 2002-இல் அதன் அடர்த்தியை 311 அலகிலிருந்து 245-ஆகக் குறைத்தார்கள். கரைசல் நீர்த்தால் தண்ணீர் இன்னும் சுலபமாக உள்ளே போகிறது, பேதியும் வாந்தியும் குறைகின்றன. இன்றைய பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. அத்தனையும் ஒரு லிட்டர் தண்ணீருக்கான அளவு. சத்து கூடட்டும் என்று முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குவது, மணிலாவில் நடந்த தவறை வீட்டில் திரும்பச் செய்வதுதான்.