தள்ளிக்கொண்டு ஓடிய காலம்



ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகள் பைக் ரேஸ் பார்க்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறீர்கள். அந்த ஓடுதளம் வந்தது 1990-இல். அதற்கு முன் நமக்கெல்லாம் ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது.

உலக சாம்பியன்ஷிப் போட்டிகளில் 1986 வரை ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். சைகை கிடைத்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்சை விட்டு, இன்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். கிக்கர் உதைத்து ஓய்ந்து ராஜ்தூத்தைத் தள்ளியவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். முன்வரிசையில் ஒரு வண்டி கிளம்பாமல் நின்றால், பின்னாலிருந்து வேகமெடுத்து வருகிறவர் அதன்மேல் மோத வேண்டியதுதான். 1987-இல் அதை ஒழித்து, இன்ஜின் ஓட ஓடக் கிளம்பும் முறை வந்தது. ரசிகர்களுக்கு வேடிக்கை குறைந்திருக்கலாம். என் கட்சி 1987-தான்.

ஆனாலும் முதல் வளைவு மாறவில்லை. டேங்க் நிறைந்த கனமான வண்டிகள், முழுச் சூடு ஏறாத டயர்கள், இருபது பேர் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நொய்டா பக்கத்து புத் சர்க்யூட்டில், சனிக்கிழமை குறும்பந்தயத்தின் முதல் வளைவிலேயே லூக்கா மரினி தன் அணித்தோழர் மார்கோ பெட்செக்கி மீது மோதினார். மரினிக்குக் காறை எலும்பு முறிந்தது. கடைசிக்குப் போன பெட்செக்கி ஒவ்வொருவராகத் தாண்டி ஐந்தாவதாக வந்தார். மறுநாள் பெரிய பந்தயத்தை எட்டு வினாடிக்கும் மேல் முந்தி வென்றார்.

உங்கள் வீட்டில் சோழவரம் பார்த்த பெரியவர்கள் இருந்தால், அங்கே எப்படிக் கிளம்பினார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.